வழிநிறுத்தி அம்மனும் ஒரு சென்சாரும்

ஒரு காட்டில் ஒரு பழைய வேன் இருந்தது. அதை ஓட்டிப் பிழைக்க ஒண்டிமுத்து என்ற முள்ளம்பன்றியும் இருந்தது. அடிவாரத்திலிருந்து மலைச்சந்தைக்கு ஆள் ஏற்றுவது தொழில். வேனை விட்டால் அதற்கு வேறு நாதி இல்லை.

அந்த வேனுக்கு ஒரு கெட்ட பழக்கம். ஏழாம் வளைவு ஏறும்போது என்ஜின் பொட்டென்று அணைந்துவிடும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் தானாக ஸ்டார்ட் ஆகும். ஆனால் பயணிகளுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. வளைவில் கிடந்த பாறைக்கு மஞ்சள் பூசி, வழிநிறுத்தி அம்மன் என்று பெயரும் வைத்துவிட்டன. இறங்கிச் சூடம் கொளுத்தி, பக்கத்திலேயே மரநாய் போட்ட கடையில் டீ குடித்துவிட்டு வந்தால் வண்டி உறுமும். எல்லாம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

ஒண்டிமுத்துவின் கவலை வேறு. நரி புது வேன் இறக்கியிருந்தது. பயணிகள் வெறுத்துப்போய் அதில் ஏறிவிட்டால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும். அதனால் மெக்கானிக் இருளப்பனிடம் போனது. இருளப்பன் ஒரு கருங்குரங்கு. ஸ்கேனரை மாட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றது.

"நிக்கும்போது கொண்டா, பாக்கலாம்."

"நிக்கிற வண்டிய எப்படிண்ணே கொண்டாரது?"

இருளப்பன் வேறொரு வண்டிக்கு அடியில் புகுந்துகொண்டது.

ஒண்டிமுத்து கெஞ்சிக் கூத்தாடி இருளப்பனை வேனிலேயே ஏற்றிக்கொண்டு போனது. மெக்கானிக் ஏறிய நாளெல்லாம் வேன் நல்ல பிள்ளையாக மலையேறியது. கடைசியில் ஒரு கொளுத்தும் வெயிலில், முழு பாரத்தோடு, அதே வளைவில் நின்றது. இருளப்பன் பானெட்டைத் திறந்து, என்ஜின் ஓரத்தில் இருந்த கட்டைவிரல் அளவு சென்சார்மேல் தண்ணீரை ஊற்றியது. வண்டி உடனே ஸ்டார்ட் ஆனது.

"சூடேறினா இது செத்துப்போகுது. ஆறினா பொழைச்சுக்குது. அம்மன் வேலை ஒண்ணுமில்ல," என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டது.

புது சென்சார் மாட்டியதும் வேன் எங்கேயும் நிற்கவில்லை. பயணிகள் சந்தை திறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்து, விழித்துக்கொண்டு நின்றன. மகள் கல்யாணத்துக்கு அம்மனிடம் நேர்ந்துகொண்டிருந்த காட்டெருமை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டது. வேண்டுமானால் வளைவில் தானே நிறுத்துவதாக ஒண்டிமுத்து தாஜா செய்து பார்த்தது.

"நீ நிறுத்தினா அது ஸ்டாப்பிங் தம்பி. அவ நிறுத்தினாத்தான் சாமி," என்றது காட்டெருமை.

அந்த வாரமே நரியின் புத்தம்புது வேன் ஏழாம் வளைவில் தினமும் நிற்கத் தொடங்கியது. அம்மன் அந்த வேனில் குடியேறிவிட்டாள் என்று பயணிகள் மொத்தமாக அதில் ஏறிக்கொண்டன.

காலி வேனை ஓட்டிக்கொண்டு வந்து ஒண்டிமுத்து அழுதது. பழைய சென்சாரையே மாட்டித் தரச் சொன்னது. இருளப்பன் தலையில் அடித்துக்கொண்டு மாட்டியது. ஆனால் பாழாய்ப்போன சென்சார் இப்போது எந்த வெயிலிலும் வேலை செய்தது.

வேறு வழியில்லை. மறுநாள் நரியின் வேனுக்குப் பின்னாலேயே காலி வேனில் மலையேறிய ஒண்டிமுத்து, வளைவு வந்ததும் யாரும் பார்க்காமல் சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இறங்கி, பாறைமுன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தது. டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டு முதலில் ஓடிவந்தது காட்டெருமைதான்.

"அவளுக்கு உம்மேல கோவம் தீந்துருச்சு தம்பி," என்று கண் கலங்கச் சொல்லிவிட்டு, வேனின் முன்சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்தது.

நீதி: என்ஜின் நின்றால் மெக்கானிக்கைக் கூப்பிடலாம், பிழைப்பு நிற்கக் கூடாதென்றால் கூப்பிடக் கூடாது.