சஹனில் ஐஸ்கிரீம்

மாப்பிள்ளை வீட்டார் வர ஒரு மணித்தியாலம் இருக்கும்போது மர்ளியா வீட்டில் கரண்ட் போனது. பிரிட்ஜுக்குள் ஐஸ்கிரீம் இளகத் தொடங்கியது.

மாப்பிள்ளையின் தாய் றஹ்மத் உம்மா, புத்தளத்தில் உப்பளம் வைத்திருப்பவர். இதுவரை நாலு வீட்டில் பெண் பார்த்து, நாலிலும் இனிப்புக்கு வைத்த வட்டலப்பத்தைக் குறை சொல்லிவிட்டு எழும்பியவர். அதனால்தான் மர்ளியா ஐஸ்கிரீம் சண்டேயில் இறங்கினாள். மாப்பிள்ளையின் போட்டோவைக்கூடப் பார்க்க வெட்கப்படும் தன் மகள் ஷிம்லாவை அந்த வீட்டுக்குத்தான் கொடுப்பது என்று அவள் முடிவெடுத்தாயிற்று.

"டீயும் பிஸ்கட்டும் வைப்பமா உம்மா?" என்று ஷிம்லா கேட்டாள்.

"நீதானே போன்ல வாசிச்சுக் காட்டின? அமெரிக்காவுல ஞாயிற்றுக்கிழமை சோடா விக்க விடல்ல எண்டு, ஐஸ்கிரீமுக்கு மேல இனிப்புப் பாணிய ஊத்தி, அதுக்குச் சண்டே எண்டு பேர் வச்சாங்களாம். சோடா இல்லாம அவங்க சமாளிச்சாங்க. கரண்ட் இல்லாம நமக்கு ஏலாதா?"

மர்ளியாவின் தம்பி நௌஃபர் மீன் வாடியிலிருந்து ஒரு பெட்டி ஐஸ் கொண்டுவந்தான். "உப்புப் போட்டாத்தான் தாத்தா குளிர் ஏறும். நிறைய வேணும்" என்றான் அக்காவிடம்.

வீட்டில் அரைப் போத்தல் உப்புத்தான் இருந்தது.

"நான் ஒரு கூட்டாளிக்கிட்டக் கேக்கிறன்" என்று ஷிம்லா போனோடு பின்பக்கம் போனாள். கால் மணித்தியாலத்தில் வாசலில் இரண்டு மூட்டை உப்பு இருந்தது. கொண்டுவந்தது யார் என்று பார்க்க மர்ளியாவுக்கு நேரமில்லை.

ஐஸிலும் உப்பிலும் புதைத்து வைத்த ஐஸ்கிரீம் நன்றாக இறுகியது. ஆனால் டப்பாவின் மூடி சரியாக மூடாததால் உப்பும் உள்ளே போயிருந்தது.

"உம்மா, வாயில வைக்கேலாது!"

"கித்துள் பாணிய ஊத்து."

பாணி ஊற்றியும் கரித்தது. வாழைப்பழம் வெட்டிப் போட்டார்கள். பிறகு ஜெலி, பிறகு ஒரு பக்கெட் முந்திரிக் கஜு. கண்ணாடிக் கிளாஸ்கள் நிரம்பி மேசையில் வழிந்தன. வெளியே வேன் வந்து நின்றது.

"சஹன எடு!" என்றாள் மர்ளியா.

ஆறு பேர் சுற்றியிருந்து பிரியாணி சாப்பிடும் பெரிய தட்டான சஹனில் எல்லாவற்றையும் கொட்டினாள்.

ஆண்கள் ஹாலில் இருக்க, உள்ளே பெண்கள் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். றஹ்மத் உம்மா ஒரு கரண்டி வாயில் வைத்தார். நறுக்கென்று சத்தம். வாயிலிருந்து ஒரு கல்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஐந்தாவது வீடும் போயிற்று என்று மர்ளியாவுக்கு அழுகையே வந்துவிட்டது.

றஹ்மத் உம்மா ஹால் பக்கம் திரும்பி மகனை ஒரு பார்வை பார்த்தார். பிறகு சொன்னார்:

"இது எங்கட மூணாம் பாத்தி உப்பு, இன்னம் கடைக்கே போகல்ல. சுணங்காம நிக்காஹ் நாளக் குறிங்க மர்ளியா, இல்லாட்டி என்ட மகன் இப்ஹாம் அளம் முழுசையும் இங்க கொண்டுவந்து கொட்டிருவான்."