துண்டுக்குள் மலாய் இலக்கணம்

படிப்புத் திமிர் பிடித்தவனின் கையை முதலில் கட்டிப்போட வேண்டும். என் கையைக் கட்டாமல் விட்டதால் மாமாவின் ஏலக்காய் போனது.

ஐம்பதுகளில் நடந்தது. போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்த ஒரு முதலாளிக்குப் பினாங்கிலும் கடை. மலாய் தெரிந்த ஆள் வேண்டும் என்றார். அந்த வேலை கிடைத்தால் தன் மகள் செல்லம் எனக்குத்தான் என்றார் மாமா. பழைய இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கி மூன்று மாதம் உருப்போட்டேன்.

அந்தப் பாஷையில் வினைச்சொல்லின் தலையிலும் வாலிலும் ஒட்டுப் போடுவார்கள். ‘ஜுவால்’ என்றால் விற்பது. ‘மெஞ்சுவால்’ என்றால் விற்கிறவன் முன்னால் நிற்பான். ‘டிஜுவால்’ என்றால் சரக்கு முன்னால் வந்துவிடும். விற்றவன் பெயரைச் சொல்லாமலே தப்பிக்கலாம். ‘மெஞ்சுவால்கான்’ என்றால் இன்னொருவருக்காக விற்பது. ஒன்றுக்கு ஒரு விரலாகப் பிடித்துப் பிடித்துத்தான் மனப்பாடம் செய்தேன். (பிடிக்காவிட்டால் நாக்கு நகராது. அப்படியொரு மூளை.)

முதலாளியைப் பார்க்கப் போன அன்று மாமா தன் தோட்டத்து ஏலக்காய் மூட்டைகளையும் அவரிடம் விற்கக் கொண்டுவந்தார். குளவி கொட்டி அவர் வலது கை பூசணிக்காயாக வீங்கியிருந்தது. எங்கள் பக்கம் விலையை வாயால் பேச மாட்டார்கள். கைமேல் துண்டைப் போட்டு, எதிராளியின் விரல்களைப் பிடித்துத்தான் பேச்சு; எத்தனை விரலோ அதுதான் விலை.

“மாப்ளே, நீ கை குடு. அஞ்சு விரலையும் சேத்துப் புடி. ஒண்ணு கொறஞ்சாலும் எனக்குக் கட்டாது.”

துண்டு விழுந்தது. முதலாளி சிரித்தார். “தம்பி மலாய் படிச்சிருக்கீகளாமே! விக்கிறத எப்படியெல்லாம் சொல்லுவாக?”

விட்டேனா? “மெஞ்சுவால்!” அவருடைய ஒரு விரலைப் பிடித்தேன். “டிஜுவால்!” இரண்டு. “மெஞ்சுவால்கான்!” மூன்று. கம்பீரமாக நிறுத்தினேன்.

முதலாளி துண்டை உதறினார். “மூணு விரல். முடிஞ்சது. வெரசா லோடு ஏத்துங்கப்பா!”

துண்டை உதறியபின் பேச்சு மாறாது.

“டேய், என்னடா பண்ணித் தொலைச்ச?”

“நான் விக்கல மாமா... டிஜுவால். அதுவா வித்துப்போச்சு.”

வீங்கிய கையாலேயே அறைந்தார். (அவருக்குத்தான் அதிகம் வலித்தது. நல்லா வலிக்கட்டும்.)

வேலை என்ன ஆயிற்று என்று கேட்டேன், வெட்கமில்லாமல்.

“உன்னையப் பினாங்குக்கு அனுப்புனா என் கடையவும் மூணு விரலுக்கு வித்துருவ,” என்றார் முதலாளி.

இரண்டு வருஷம் மாமாவின் தோட்டத்தில் களை வெட்டினேன். அப்புறம்தான் செல்லத்தைக் கொடுத்தார். மணவறையில் நான் அவள் கையைப் பிடித்தபோது, “எத்தன விரலு புடிச்சிருக்கான்னு பாருங்கடா!” என்று கத்தினார் மனுஷன்.

இன்றும், என்னைப் பார்த்துக்கொள்ளச் சொன்ன பால் பொங்கி வழிந்தால் செல்லம் அடுப்பைப் பார்ப்பதில்லை. என் முகத்தைப் பார்த்து, “என்ன, டிஜுவாலா?” என்கிறாள்.

நான் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறேன்.