ஏழாம் பிரிவும் அக்காவின் கலியாணமும்

சட்டம் எழுதுகிறவனுக்குக் கலியாணமாகாத அக்கா இருக்கக் கூடாது. எனக்கு இருந்தாள்.

கொட்டியாரக் குடாவை ஒட்டிய ஒரு பிரதேச சபையில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருந்தேன். (சபையின் பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் சம்பளம்.) ஒரு இடத்தில் இருப்புக் கொள்ளாத வயது. சபையின் தண்ணீர் பவுசர் வண்டி ஊழியர்களின் கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் போய்வருவதைப் பார்த்துக் கொதித்து, வாகனப் பாவனை விதிகளை நானே எழுதினேன். ஏழாம் பிரிவு: ஊழியர் வீடுகளுக்குச் சபை வாகனம் போகாது, தீ விபத்து தவிர. தண்ணீர் எதற்குப் பயன்பட்டது என்று சாரதி ஓட்டப் பதிவேட்டில் எழுத வேண்டும்.

கூட்டத்துக்குத் தலைமை வகித்த தவிசாளர் தயங்கினார். “நல்லது கெட்டதுக்கு என்ன செய்யிறது, தம்பி?”

“சட்டம் எண்டா எல்லாருக்கும் சட்டம்தான், சேர்.”

விதி நிறைவேறியது. வாசலில் நின்ற பவுசர் சாரதி மஜீத் நானா மெதுவாகச் சொன்னார்: “தம்பிக்கும் ஒரு வீடு இருக்கும்தானே.”

மூன்றே மாதத்தில் அக்காவுக்கு வீட்டிலேயே கலியாணம். அன்று காலை கிணற்று மோட்டர் எரிந்துபோனது. பந்தலில் நானூறு பேர், பீப்பாய்களில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. வாசல் படலைக்கும் குசினிக்குமாக ஓடினேன். கூறைச் சேலையோடு அக்கா கையைப் பிடித்தாள்.

“டேய், வந்த சனத்துக்குக் கை கழுவவும் தண்ணி இல்லையெண்டா, நான் எந்த முகத்தோட மாப்பிள்ளை வீட்டுக்குப் போறது?”

நானாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

“ஏலாது தம்பி. ஏழாம் பிரிவு. நீங்கதானே எழுதினது?”

ஐந்து நிமிடம் கழித்து மறுபடி எடுத்தேன். “நானா, வீட்டில நெருப்பு! எரியுது!” (பொய்யில்லை. பின்வளவில் ஆறு அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன.)

ஹோர்ன் அடித்தபடி பவுசர் வந்தது. நானா குழாயோடு குதித்தார். “நெருப்பு எங்க?”

நான் கண்ணடித்துப் பீப்பாய்களைக் காட்டினேன். முன்வரிசைக் கதிரையில் இருந்த தவிசாளர் எழும்பி வந்தார். நானா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“தீயணைப்பு எண்டுதான் பதிவேட்டில எழுதோணும், தம்பி. பொய் எழுத ஏலாது.”

குழாயை அடுப்புப் பக்கம் திருப்பினார். ஆறு அடுப்பும் சீறி அணைந்தன. அரைவேக்காட்டுச் சோற்றுக் கிடாரத்தில் சாம்பல் மிதந்தது. சமையல்காரர் அகப்பையோடு என்னைத் துரத்தினார். வெட்கத்தில் கிணற்றுக்குள் குதிக்கலாம் போலிருந்தது. அதிலிருந்து என்னைத் தூக்கவும் சபை வாகனம்தான் வரவேண்டும் என்பதால் குதிக்கவில்லை.

“மிச்சத் தண்ணிய நான் திருப்பிக் கொண்டுபோய் என்ன செய்யிற?” என்று நானா பீப்பாய்களை நிரப்பினார். புதுச்சோறு வெந்து பந்தி தொடங்கப் பின்னேரம் மூன்று மணியாகிவிட்டது. அதுவரை மாப்பிள்ளை வீட்டார் பந்தலில் கட்டியிருந்த வாழைக்குலைகளைத் தின்று முடித்திருந்தார்கள். ஆனால் எல்லாரும் கை கழுவினார்கள். அழுதுகொண்டிருந்த அக்கா அதைப் பார்த்துத்தான் சிரித்தாள்.

அடுத்த கூட்டத்தில், கலியாண வீட்டுக்கும் செத்த வீட்டுக்கும் பவுசர் போகலாம் என்ற திருத்தத்தைத் தவிசாளர் சொல்லச் சொல்ல நானே எழுதினேன்.

அன்றைய பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியைச் சட்டம் போட்டு நானா அக்காவுக்குப் பரிசாகக் கொடுத்தார். கலியாணப் படத்துக்குப் பக்கத்தில் இன்றும் தொங்குகிறது: “நோக்கம்: தீயணைப்பு. சேதம்: ஒரு கிடாரம் சோறு. உயிர்ச்சேதம்: இல்லை.” கீழே, வீட்டுக்காரர் என்ற இடத்தில் என் கையொப்பம்.

போன கிழமையும் அதைக் கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன். அக்கா தேத்தண்ணியை நீட்டிக்கொண்டே சொன்னாள்: “எழுத்தில தா. சபையில வைப்பம்.”