சத்தம் போடாத குக்கர்

அந்தக் குக்கரை எப்பாடு பட்டாவது காப்பாற்றுவது என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

எங்கள் கல்யாணத்துக்கு என் அக்கா கொடுத்த குக்கர் அது. என் மனைவிக்கு அதைக் கண்டாலே ஆகாது. ஆனால் அதைத் தூக்கிப் போட்டால், அக்கா என்னைத் தூக்கிப் போட்டுவிடுவாள். இத்தனைக்கும் நான் தொழிற்சாலைக் கொதிகலன்களைச் சோதிக்கும் அரசாங்க ஆய்வாளன். முதலாளிகளெல்லாம் என்னைக் கண்டு நடுங்குவார்கள். வீட்டில் நடுங்கும் வேலை எனக்கு.

மறுநாள் அலுவலகத்தில் பேச வேண்டியதைக் கூடத்தில் நின்று ஒத்திகை பார்த்தேன்.

"ஒரு கொதிகலன் வெடித்தது, சட்டம் பிறந்தது! இன்னொன்று வெடித்தது, விதி பிறந்தது!"

"நம்ம வீட்டுல விதி பொறக்க யாரு வெடிக்கணும்? நானா?" என்று சமையலறையிலிருந்து குரல்.

"அந்தக் காலம் போச்சும்மா. புது விதிப்படி இனிமே அதிகாரி எட்டிக்கூடப் பாக்க மாட்டான். முதலாளியே 'பத்திரமா இருக்கு'ன்னு உறுதி சொன்னாப் போதும்."

"நல்லதாப் போச்சு. உங்க அக்கா குடுத்த குக்கர், நீங்கதான் முதலாளி. பக்கத்துல வந்து நின்னு சொல்லுங்க. கிழங்கு போட்டு, மூடி, வெயிட்டும் போட்டாச்சு."

சமையலறை வாசல் வரை வீரமாகப் போனேன். அவள் அடுப்பை மறைத்துக்கொண்டு நின்றாள். தோளுக்குப் பின்னால் குக்கரின் தலை மட்டும் தெரிந்தது.

சத்தமே இல்லை.

சீறுகிற கொதிகலனுக்கு நான் பயப்பட மாட்டேன். ஆவி வெளியே போகிறது என்று அர்த்தம். வாயைத் திறக்காத கொதிகலன்தான் எமன்.

"எவ்வளவு நேரமா இப்படி இருக்கு?"

"ரொம்ப நேரமா."

"விசில்?"

"மூச்சே விடல."

நான் ஓரடி பின்வாங்கினேன். "நீ மொதல்ல வெளிய வா."

"நீங்க உள்ள வாங்க. உறுதி சொல்லணுமே."

"விளையாடாதடி! ஆவி அடைச்சிருந்தா வீடே போயிடும்!"

"அக்கா குடுத்ததுங்க. தம்பியை ஒண்ணும் பண்ணாது."

அவள் அசையவில்லை. பாதி மனசு அவளை இழுக்கப் பார்த்தது. மீதி மனசு ஏற்கெனவே சாப்பாட்டு மேசைக்கு அடியில் இருந்தது. உடம்பு மனசைப் பின்தொடர்ந்தது. ஒரு தட்டைத் தலைக்குக் கவசமாகப் பிடித்துக்கொண்டு அலறினேன்:

"தடை! இந்த நிமிஷத்திலேருந்து அந்தக் குக்கருக்குத் தடை! அது இனி இந்த வீட்டுல அடுப்பேறக் கூடாது!"

"யாரு சொல்றது? ஆய்வாளரா, அக்கா தம்பியா?"

"ரெண்டு பேரும்தான்! வாடி வெளிய!"

"சரி, அக்கா கேட்டா அப்படியே சொல்லிடறேன்."

அவள் நிதானமாக வந்து, மேசைக்கு அடியில் குனிந்து என்னைப் பார்த்தாள்.

"எழுந்து வாங்க. நான் இன்னும் அடுப்பே பத்த வைக்கல."