பூட்டாமல் நின்ற தோட்டக் கதவு

ஹோட்டலில் தனியாகச் சாப்பிட நான் கூச்சப்பட்டதே இல்லை. ஆனால் "தனியாவா வந்தீங்க?" என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், கூசாமல் பொய் சொல்வேன்.

மெல்பர்னுக்கு வந்த புதிதில் வெரிபீயில் ஓர் அறையில் இருந்தேன். வார நாட்களை ரயிலும் ஆபீஸும் விழுங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதான் வில்லன். ஒரு ஞாயிறு, துவைத்த துணியையே மறுபடி துவைக்கப் போன என்னை நானே இழுத்துக்கொண்டு, ஒரு பழைய பண்ணை மாளிகையின் மதில் தோட்டத்தைப் பார்க்கக் கிளம்பினேன்.

வாசலில் டிக்கெட் கொடுத்த மார்கரெட் என்ற வயதான பெண்மணி, "ஜஸ்ட் யூ, டார்லிங்?" என்றார்.

"ஃப்ரெண்ட்ஸ் ஆர் கமிங்" என்றேன். (எந்த ஃப்ரெண்ட்ஸ்? அந்த ஊரில் எனக்கு நெருக்கமானது ரைஸ் குக்கர் மட்டும்தான்.)

உள்ளே காற்றைத் தடுக்க அந்தக் காலத்தில் கட்டிய உயரமான செங்கல் மதில். செடிகளை ஸ்கேல் வைத்து வெட்டியிருந்தார்கள். பேரிக்காய் மரங்களைக்கூடச் சுவரோரம் கம்பியில் கட்டி, கைகோத்து நிற்க வைத்திருந்தார்கள். எல்லாக் குடும்பமும் என்னிடம் ஃபோனை நீட்டியது. அன்று நான் எடுத்த படங்களுக்கு ஒரு ஸ்டுடியோவே திறந்திருக்கலாம். ஒன்றில்கூட நான் இல்லை.

மூடும் நேரத்தில் கடைசி ஆளாக வெளியே வந்தேன். "போறேன்" என்று சொன்னால் எங்கள் வீட்டில் திட்டு விழும். அந்தப் பழக்கத்தில் மார்கரெட்டிடம் பவ்யமாக "ஐ வில் கோ அண்ட் கம்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்தேன்.

பஸ் வருகிற வழியாக இல்லை. தூறல் வேறு. திரும்பிப் பார்த்தால், மார்கரெட் கதவைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். நான் பஸ் ஏறும்வரை நின்று வழியனுப்புகிறாரே என்று நெகிழ்ந்துபோய்க் கையசைத்தேன். அவரும் அசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அசைத்தேன், இந்த முறை இரண்டு கையாலும். (ஏர்போர்ட்டில் என் அப்பாகூட எனக்கு இவ்வளவு அசைக்கவில்லை.)

கடைசியில் அவர் குடையை விரித்துக்கொண்டு சாலையைக் கடந்து வந்தார்.

"உன் ஃப்ரெண்ட்ஸ் இன்னும் வரலையா? கூட்டிட்டு வர்றேன்னுதானே போனே? உங்களுக்காகத்தான் பூட்டாம நிக்கிறேன்" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

பொய்யை நீட்டிக்கத் தெம்பில்லை. "நோ ஃப்ரெண்ட்ஸ்" என்றேன். அழுகை வந்துவிடும் போலிருந்தது.

இன்றைக்கு மட்டுமா, எப்போதுமேவா என்று அவர் கேட்கவில்லை. போய்க் கதவைப் பூட்டிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பஸ் வரும்வரை தன் முட்டிவலியைப் பற்றியே பேசினார். நான் ரொம்ப ஆர்வமாகக் கேட்டேன்.

இந்தக் கதையைக் கல்யாணமான புதிதில் என் மனைவியிடம் சொல்லித் தொலைத்தேன். இன்றும் நான் செருப்பை மாட்டிக்கொண்டு "போயிட்டு வர்றேன்" என்றால், உள்ளேயிருந்தே குரல் வரும்: "பூட்டட்டுமா, நிக்கட்டுமா?" மகள் இரண்டு கையையும் ஆட்டுவாள்.

பால் வாங்கப் போகிற நாளிலும் "நில்லு" என்றுதான் சொல்கிறேன்.