முதல் வகுப்பில் எத்தனை பிள்ளைகள்?

பள்ளிக்கூட வாசலில் நின்று வால்தெமார் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்தபோது, அதிலிருந்த கேள்விகளில் பாதி மழையில் கரைந்து நீலக் கறையாகியிருந்தன.

மொத்தம் முப்பத்தொரு கேள்விகள். எழுதியவள் அவன் மனைவி கிராசியேலா. மருந்துக்கடையில் அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. நவம்பர் முடிவதற்குள் குழந்தைக்குப் பள்ளி பார்த்துப் பெயர் பதிந்தாக வேண்டும் என்பதால், அந்தப் பொறுப்பு புருஷன் தலையில் விழுந்தது. வால்தெமார் லிஃப்ட் பழுது பார்ப்பவன். மொந்தேவிதேயோ நகரின் பழைய கட்டடங்களில், இருட்டுக் குழிக்குள் கம்பிவடத்தோடும் எண்ணெயோடும் பொழுதைக் கழிப்பவன். நாலு பேரிடம் பேசி விஷயம் வாங்குவது அவனுக்குப் பழக்கமில்லை. அது தெரிந்துதான் அவள் காகிதத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். தலையாட்டிவிட்டு வந்துவிடக் கூடாது, ஒவ்வொரு பதிலையும் எழுதிக்கொண்டு வர வேண்டும் என்று சட்டம் வேறு போட்டிருந்தாள்.

ஒரு கேள்வியை மட்டும் அவள் எழுதவில்லை. நேரம் பார்த்து நீயே கேள் என்று சொல்லிவிட்டாள்.

அந்தக் கேள்வி இப்போது அவன் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது. பெயர் ஹசிந்தா. அடுத்த மாதம் ஆறு வயது. வீட்டுக்குள் இருக்கும்வரை ஓயாமல் பேசுவாள், குளிக்கும்போதுகூடச் சோப்போடு பேசுவாள். வாசலைத் தாண்டினால் வாய் பூட்டிக்கொள்ளும். இரண்டு வருடம் மழலையர் பள்ளிக்குப் போனாள், அங்கிருந்த டீச்சர் இவள் குரலை ஒருநாளும் கேட்டதில்லை.

இது அவன் பார்க்க வந்த மூன்றாவது பள்ளி. முதல் பள்ளியில் விஷயத்தைச் சொன்னதும் டாக்டர் சான்றிதழோடு வரச் சொன்னார்கள். இரண்டாவது பள்ளியில் ஓர் அம்மாள் ஹசிந்தாவின் முன்னால் மண்டியிட்டு, "பேரு என்ன கண்ணு?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை சிரித்த முகமாகக் காத்திருந்தார். ஐந்து நிமிடம் காத்திருந்தார். குழந்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றது. வால்தெமார் அவளைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டான்.

அதனால் இங்கே எதையும் முந்திச் சொல்வதில்லை, முதலில் காகிதத்தில் இருப்பதை மட்டும் கேட்பது என்று முடிவு செய்திருந்தான்.

கதவைத் திறந்தவள் நயீர். பள்ளியைக் கூட்டித் துடைத்து, மதியச் சாப்பாடும் சமைப்பவள். கையில் தரை துடைக்கும் கட்டையோடு வந்தாள். அவன் கறை படிந்த காகிதத்தைப் பார்த்து முதல் கேள்வியை வாசித்தான்.

"முதல் வகுப்புல எத்தனை பிள்ளைங்கம்மா?"

நயீரின் முகம் மலர்ந்துவிட்டது. "இருபத்தேழு. மழைங்கறதால பதினாறுதான் வந்திருக்கு. அப்பாடா, வந்தீங்களே. உள்ள வாங்க, உள்ள வாங்க."

இப்படியொரு வரவேற்பை முந்தைய இரண்டு பள்ளிகளிலும் அவன் பார்க்கவில்லை. நெகிழ்ந்துபோய் இருபத்தேழு என்று எழுதிக்கொண்டான். தாழ்வாரத்தில் நடந்துகொண்டே அடுத்த கேள்விகளைக் கேட்டான். முதலுதவிப் பெட்டி எங்கே இருக்கிறது, ஜன்னலுக்குத் தாழ்ப்பாள் உண்டா, எந்தக் குழந்தைக்காவது சாப்பாட்டில் ஏதாவது ஒத்துக்கொள்ளாதா. ஒவ்வொரு கேள்விக்கும் நயீரின் மரியாதை கூடிக்கொண்டே போனது. கண்ணாடி போட்ட பையனுக்கு வேர்க்கடலை ஆகாது என்றாள். கழிப்பறைக்கு யாரையும் தனியாக அனுப்ப வேண்டாம், இரண்டிரண்டு பேராக அனுப்புங்கள் என்றாள். நான் எதற்கு அனுப்ப வேண்டும் என்று அவனுக்கு லேசாகத் தோன்றியது. ஆனால் அதற்குள் அவள் ஆணியிலிருந்து ஒரு வெள்ளை அங்கியை எடுத்து அவன் தோளில் மாட்டிவிட்டாள். ஆஸ்பத்திரியில் பார்வையாளர்களுக்குக் கொடுப்பதுபோல் இங்கேயும் சுத்தம் பார்க்கிறார்கள் என்று அதையும் குறித்துக்கொண்டான்.

ஒரு கதவைத் திறந்து அவனையும் குழந்தையையும் உள்ளே விட்டாள். வெள்ளை அங்கியும் கழுத்தில் நீலப் பட்டு முடிச்சுமாகப் பதினாறு பிள்ளைகள் எழுந்து நின்று, வணக்கம் சார் என்று ராகம் போட்டார்கள்.

தோளில் இருப்பது டீச்சர்கள் போடும் அங்கி என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"அம்மா, நான் வாத்தியார் இல்லை. அப்பா."

"தெரியுதே, பிள்ளையைக் கையில பிடிச்சிருக்கீங்க," என்றாள் நயீர். "மழை நாள்ல எந்த டீச்சராலதான் பிள்ளையை விட்டுட்டு வர முடியும்? பின் பெஞ்சுல உட்காரட்டும்." மூன்றாம் வகுப்பு டீச்சரும் வரவில்லை, தலைமை ஆசிரியை இர்மாவே அங்கே பாடம் நடத்துகிறார், இப்போது யாரும் போய்த் தொந்தரவு செய்யக் கூடாது என்றும் சொன்னாள். சமையலறைக் கூரை ஒழுகுகிறது என்று கட்டையோடு ஓடியும்விட்டாள்.

ஹசிந்தா பின் பெஞ்சில் ஒடுங்கி உட்கார்ந்தாள். பக்கத்தில் ரெனாத்தா என்று ஒரு பெண், முன்பல் இரண்டும் விழுந்தவள்.

ஐந்து நிமிடம் சமாளித்தால் யாராவது வருவார்கள் என்று வால்தெமார் நினைத்தான். அதுவரை காகிதத்திலிருப்பதைப் பிள்ளைகளிடமே கேட்டுவிடலாமே என்றும் தோன்றியது. தப்புச் செய்தால் இங்கே என்ன செய்வார்கள் என்று கேட்டான்.

கேட்டிருக்கக் கூடாது. யார் யார் என்னென்ன தப்புச் செய்தார்கள் என்பதைப் பதினாறு பேரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்தார்கள். யாருடைய பையில் யார் தவளை போட்டது, யாருடைய அழிப்பானை யார் கடித்தது எல்லாம் வெளியே வந்தது. இரண்டு பேர் அழுதார்கள். தவளைக்காரனின் தலையில் ஒரு புத்தகம் இறங்கியது.

பேச்சை மாற்றுவதற்காக அவன் கரும்பலகையில் லிஃப்ட் படம் வரைந்தான். அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். கம்பிவடம், எதிர்ப்பாரம், கப்பி என்று விளக்கினான். ஆச்சரியமாக வகுப்பு அடங்கியது. உற்சாகத்தில் தரையிலும் சாக்பீஸால் ஒரு கட்டம் போட்டு, இதுதான் லிஃப்ட், எட்டுப் பேருக்கு மேல் ஏறக் கூடாது என்றான். அந்த எட்டுப் பேர் யார் என்பதில் அடிதடி. சரியென்று இரண்டாவது லிஃப்டையும் வரைந்தான். இரண்டு லிஃப்டும் உடனே பந்தயம் விட்டுக்கொண்டு பத்தாவது மாடிக்குக் கூச்சலோடு கிளம்பின. பக்கத்து வகுப்பிலிருந்து யாரோ சுவரைத் தட்டினார்கள்.

"கரண்ட் போச்சு," என்றான் வால்தெமார். "ரெண்டு லிஃப்டும் நடுவுல நின்னுடுச்சு. லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டா கத்தக் கூடாது. மெதுவா மூச்சு விட்டுட்டு நிக்கணும். ஆளு வருவாங்க."

ஊசி விழுந்தால் கேட்கும் அமைதி. இந்த வித்தையை டீச்சர்களுக்குக்கூடச் சொல்லிக்கொடுக்கலாம் என்று நினைத்தான். அரை நிமிடம் போயிருக்கும்.

"சார், எனக்கு ஒண்ணுக்கு வருது," என்றது முதல் லிஃப்ட். இரண்டாவது லிஃப்டுக்கும் வந்தது.

இதற்கிடையில் பின் பெஞ்சைப் பார்த்தான். ஹசிந்தாவைக் காணவில்லை. பெஞ்சுக்கு அடியில் அவளுடைய சிவப்புக் காலணிதான் தெரிந்தது. பக்கத்தில் ரெனாத்தாவும் குனிந்திருந்தாள். பயந்துபோய் ஒளிந்துகொண்டாள், அந்தப் பெண் வெளியே வரச்சொல்லி நச்சரிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்தான். போய்த் தூக்கிக்கொள்ளலாம் என்றால் அங்கியை நாலு பக்கமும் நாலு பேர் பிடித்திருந்தார்கள்.

இரண்டிரண்டு பேராக அனுப்பினால் மத்தியானம் ஆகிவிடும். எல்லோரையும் வரிசையாகக் கூட்டிக்கொண்டு கிளம்பினான். கடைசியில் ஹசிந்தா ரெனாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அவன் திரும்பிப் பார்த்தபோது தரையைப் பார்த்தாள்.

கழிப்பறையில் கண்ணாடிப் பையன் குழாயைத் திருக, பிடி கையோடு வந்துவிட்டது. தண்ணீர் கூரைவரை அடித்தது. வெளியே மழை போதாதென்று உள்ளேயும் மழை. பிள்ளைகளுக்கு அது திருவிழா. வால்தெமார் ஓடிப்போய்ப் பிரதான வால்வைத் தேடி மூடினான். அதில் பள்ளிக்கூடம் முழுவதற்கும் தண்ணீர் நின்றுபோனது. அடுப்பில் பருப்பு கொதித்துக்கொண்டிருந்ததால் நயீர் கரண்டியோடு வந்து நின்றாள். அவன் தரையில் படுத்து, கூடவே கொண்டுவந்திருந்த கருவிப் பையிலிருந்த ஸ்பேனரால் குழாயைக் கழற்றி, தேய்ந்த வாஷருக்குப் பதில் புதியதைப் போட்டு மாட்டினான். எழுந்தபோது அங்கி முதுகுப் பக்கம் நீளமாகக் கிழிந்தது. பதினாறு பேரும் கைதட்டினார்கள்.

"இந்தக் குழாய் மார்ச்லேர்ந்து ஒழுகுது," என்றாள் நயீர். "டிபார்ட்மெண்டுக்கு எத்தனை லெட்டர் போட்டோம். ஒருவழியா உருப்படியா ஒரு வாத்தியாரை அனுப்பிட்டாங்க."

பதினோரு மணிக்குத்தான் நிஜமான மாற்று ஆசிரியை வந்தாள். பஸ் வழியில் நின்றுவிட, தலைமுதல் கால்வரை நனைந்து வந்த சின்னப் பெண். தலைமை ஆசிரியை இர்மா மூன்றாம் வகுப்பிலிருந்து வெளியே வந்து அவளைப் பார்த்தார். முதல் வகுப்பிலிருந்து கிழிந்த அங்கியோடு வெளியே வந்த வால்தெமாரையும் பார்த்தார்.

"அப்ப இவரு யாரு, நயீர்?"

"நான் என்னத்தைக் கண்டேன் டீச்சர். முதலுதவிப் பெட்டி எங்கே, எந்தப் பிள்ளைக்கு என்ன ஆகாதுன்னு ஒண்ணொண்ணாக் கேட்டாரு. பெத்தவங்க யாரு இதெல்லாம் கேட்டிருக்காங்க? வந்தா யூனிஃபார்ம் என்ன, லீவு எப்பன்னுதான் கேப்பாங்க."

இர்மா சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார். பிறகு குழந்தையை வகுப்பிலேயே இருக்கவிட்டு, அவனைச் சமையலறைக்கு அழைத்துப்போய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, சூடாக மாத்தே இலைப் பானம் ஊற்றிக் கொடுத்தார். நயீர் மழைக்கென்று பொரித்த ரொட்டியைத் தட்டில் வைத்தாள். ஒரு காலைப் பொழுதையே இப்படிப் பறித்துக்கொண்டோமே என்று இர்மா மன்னிப்புக் கேட்டார்.

மன்னிப்புக் கேட்க வேண்டியவன் தான்தான் என்று வால்தெமாருக்குத் தோன்றியது. முப்பது வருடத்துக்கு முன்னால் தனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த டீச்சரின் முகம் நினைவுக்கு வந்தது. ஒருநாளும் அவருக்கு ஒரு நன்றி சொன்னதில்லை.

"தினமும் இதையா செய்றீங்க?" என்றான்.

"மழை இல்லாத நாள்ல இன்னும் பதினோரு பேர் கூட," என்றார் இர்மா.

"ரொம்ப நன்றிங்க," என்றான். இர்மா மறுபடி மாத்தே ஊற்றினார்.

காகிதத்தைப் பிரித்தான். இப்போது அதில் ஒரு கேள்விகூட மிச்சமில்லை, எல்லாம் ஒரே நீலம். கேட்க வேண்டியதில் முக்கால்வாசிக்குக் காலையிலேயே பதில் கிடைத்துவிட்டது. காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, ஹசிந்தாவைப் பற்றி ஆரம்பித்தான். வீட்டில் எப்படி, வெளியே எப்படி, இரண்டு வருடமாக எந்த டீச்சர் காதிலும் அவள் குரல் விழாதது, சான்றிதழ் கேட்டது, மண்டியிட்டுக் காத்திருந்தது, இன்று பெஞ்சுக்கு அடியில் ஒளிந்துகொண்டது எல்லாவற்றையும் சொன்னான். அவன் வாழ்க்கையில் இவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பேசியதில்லை. நயீர் பருப்பைக் கிண்டுவதை நிறுத்தியிருந்தாள்.

"பேசாத பிள்ளையை நீங்க என்ன செய்வீங்க டீச்சர்?" என்று முடித்தான்.

இர்மா பதில் சொல்ல வாயெடுக்கும்போது கதவு திறந்தது. முன்பல் இல்லாத ரெனாத்தா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

"பெரிய டீச்சர், என்னை வேற பெஞ்சுக்கு மாத்துங்க. அந்தப் புதுப் பொண்ணு காலையிலேர்ந்து வாயே மூடலை, அவ அப்பா லிஃப்ட்டுல மாட்டிக்கிட்டு அழுத கதையை மட்டும் நாலு தடவை சொல்லிட்டா."