கார்பன் சாரின் எட்டு வருஷத் திட்டம்

இந்தியா இன்றுவரை உலகக் கோப்பை கால்பந்தில் ஆடாததற்கு ஒரே காரணம், பாளையங்கோட்டையிலிருந்து கார்பன் சார் எழுதிய கடிதங்களை டெல்லியில் யாரும் பிரித்துப் படிக்காததுதான். இதை நான் எந்த மேடையிலும் சொல்லத் தயார்.

சார் முருகன்குறிச்சியில் ஒரு மாடி அறையில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தார். பன்னிரண்டு மிஷின்கள். எதை அடித்தாலும் கார்பன் வைத்து நகல் எடுத்துக்கொள்ளாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. ‘நாளைக்குப் பால் வேண்டாம்’ என்று பால்காரருக்கு எழுதுகிற துண்டுச் சீட்டுக்கும் நகல் உண்டு. விரல் நுனிகள் எந்நேரமும் நீலமாக இருக்கும். சொந்தப் பெயரை அவர் மனைவியாவது அறிந்திருப்பார் என்று நினைத்தேன். அந்த அம்மாவும் ‘இன்ஸ்டிடியூட்காரங்க’ என்றுதான் சொன்னார்.

பிறந்ததிலிருந்து ஒரு தடவைகூடப் பந்தை உதைத்தவர் இல்லை. ஆனாலும் மாவட்ட லீக்கில் ஏ டிவிஷன் ஆடிக்கொண்டிருந்த எங்கள் கிளப்புக்கு அவர்தான் செயலாளர், அவர்தான் கோச். ஆட்டத்துக்கு முன்னால் ஆளுக்கொரு உத்தரவுத் தாள் கொடுப்பார். பதினொரு தாள், நடுவே பத்து கார்பன், ஒரே அடி. அவ்வளவும் மிஷினுக்குள் எப்படி நுழைந்தது என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. முதல் தாள் கோல்கீப்பரான எனக்கு. எழுத்து பளிச்சென்று இருக்கும். நாலாவது மங்கல். ஏழாவதை வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும். பதினொன்றாவது தாள், அதாவது லெஃப்ட் விங் ஆடுகிறவனுக்குப் போவது, சுத்தமான வெள்ளைத் தாள். ஆகவே பின்னால் நின்ற நாங்கள் சாரின் திட்டப்படி ஆடினோம். முன்னால் ஓடியவர்கள் அவரவர் இஷ்டப்படி ஆடினார்கள்.

தொண்ணூற்று நாலில் உலகக் கோப்பையை டிவியில் பார்த்து முடித்ததும் சாருக்கு ஒரு வேகம் வந்துவிட்டது. இந்தியாவின் சீனியர் டீமை அப்படியே கலைத்துவிட வேண்டும். பதினாறு பதினேழு வயதுப் பையன்களைப் பொறுக்கி எட்டு வருஷம் ஒன்றாக ஆட விட வேண்டும். முதல் அஞ்சு வருஷம் தோற்கட்டும், யாரும் மூச்சு விடக் கூடாது. ரெண்டாயிரத்து ரெண்டில் உலகக் கோப்பை. இது ஆறு பக்கக் கடிதமாக வாராவாரம் டெல்லிக்குப் போனது.

கடிதத்தை அடித்தது யார் என்கிறீர்கள்? இன்ஸ்டிடியூட் பிள்ளைகள்தான். அதுதான் அவர்களுக்கு ஸ்பீடு பயிற்சி. கால்பந்து எத்தனை பேர் ஆடுகிற ஆட்டம் என்றே தெரியாத பெண்களெல்லாம் இந்திய இளைஞர் அணியின் மறுசீரமைப்பை மனப்பாடமாக வைத்திருந்தார்கள். யாராவது அர்த்தம் கேட்டால் சார் பிரம்பால் மேஜையைத் தட்டுவார். “காப்பியில என்ன இருக்கோ அதை அடி. யோசிக்கப்படாது. யோசிச்சா ஸ்பீடு போயிரும்.”

டெல்லியோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. டெல்லி விழித்துக்கொள்ளும்வரை நம் கிளப்பில் செய்து காட்டுவோம் என்று கிளம்பிவிட்டார். அடுத்த வருஷம் லீக் தொடங்குகிற சமயம், ஒரு சாயங்காலம் ஆளுக்கொரு தாள் வந்தது. இருபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவர்கள் அனைவரும் நன்றியுடன் விடுவிக்கப்படுகிறார்கள் என்று போட்டிருந்தது. எனக்கு அப்போது இருபத்தேழு. தாலுகா ஆபீஸில் கிளார்க். பெண் பார்க்கப் போன இடத்தில் ‘பையன் ரொம்பச் சின்னவனா இருக்கானே’ என்றார்கள். கிளப்பில் கிழவன் ஆகிவிட்டேன். எங்கள் கேப்டனுக்கு நாற்பத்தொன்று. டவுண் பஸ் கண்டக்டர், அதனால் எல்லோருக்கும் கண்டக்டர் அண்ணாச்சி. அவர் தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “என்ன வேய், பாதி வழியில இறக்கி விடுதீரு?” என்று மட்டும் கேட்டார். சார் நகல்களை ஃபைலில் அடுக்கிக்கொண்டிருந்தார்.

புது டீம் முழுக்க அவருடைய மாணவர்கள். நிமிஷத்துக்கு நாற்பத்தஞ்சு வார்த்தை அடிப்பவனுக்குக் கண்ணும் கையும் ஒத்துழைக்கும், அப்படியானால் காலும் ஒத்துழைக்கும் என்பது அவர் கணிப்பு. ஐசக் என்ற பையன் மட்டும் விதிவிலக்கு. ரெண்டே விரலால் அடிப்பான். ஆனால் மாடிப்படியில் அவன் இறங்குகிற வேகத்தைப் பார்த்து லெஃப்ட் விங்கில் போட்டுவிட்டார்.

முதல் ஆட்டம் ஆறு கோலில் தோற்றார்கள். அடுத்தது நாலு. அதற்கடுத்தது மூணு. நான் கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்று வயிறு குளிரப் பார்த்தேன். சார் என்னைத் தேடி வந்து, “குறையுதுலே சுடலை, கேட்டியா, குறையுது” என்று பூரித்துப் போனார். உண்மையிலேயே குறைந்தது. நாலாவது ஆட்டம் டிரா. அஞ்சாவது ஆட்டத்தில் ஐசக் மூணு பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டான் பாருங்கள், என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். பிறகு யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.

கடைசி ஆட்டம் பாக்கி. டிரா செய்தால் ஏ டிவிஷனில் தங்கலாம். தோற்றால் பி டிவிஷன். அங்கே போனால் பெரிய கிளப்காரர்கள் இந்தப் பையன்களை ஆளுக்கொருவராகக் கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். எட்டு வருஷத் திட்டம் எட்டு வாரத்தில் முடிந்துவிடும். சாருக்கு அது உயிர் போகிற விஷயம்.

ஆட்டத்துக்கு ரெண்டு நாள் முன்னால் ஹால் டிக்கெட் வந்தது. அரசாங்க டைப்ரைட்டிங் பரீட்சை, அதே சனிக்கிழமை, டீமில் பதினொரு பேருக்கும். ஜூன் மாதமே உட்கார்ந்து அத்தனை பேருக்கும் ஃபாரம் நிரப்பி, ஃபீஸ் கட்டி, நகலும் எடுத்து வைத்தவர் சாரேதான். ‘ஆகஸ்ட்ல பரீட்சை, ஆகஸ்ட்ல பரீட்சை’ என்று இருபது வருஷமாக ஊரையே மிரட்டியவர், அந்த ஒரு ஆகஸ்டை மட்டும் மறந்துவிட்டார்.

சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டு என் வீட்டுக்குள் வந்தார். கையில் தாள். திரும்ப அழைப்பு ஆணை. நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொள்ள வேண்டும் என்று முடிவு செய்தேன்.

“எனக்கு வயசாயிட்டுன்னு சொன்னீங்கள்லா சார்?”

“ஆயிட்டுதான். இல்லைன்னு யாரு சொன்னா? சனிக்கிழமை ஒரு நாளைக்கு மட்டும் ஆவாம இரு.”

தாளை வாங்கிக்கொண்டேன். கண்டக்டர் அண்ணாச்சி டூட்டியை மாற்றிக்கொண்டு வந்தார். மற்றவர்களும் தொப்பையை உள்ளே இழுத்து ஜெர்சியை மாட்டினார்கள்.

பரீட்சை நடந்த பள்ளிக்கூடம் மைதானத்துக்கு எதிரே, ரோட்டைத் தாண்டினால் போதும். இன்ஸ்டிடியூட் மிஷின்களை வேனில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பரீட்சை ஹாலில் போடுவதுதான் வழக்கம். எந்த மிஷினாவது மக்கர் செய்தால் சார் பக்கத்தில் இருந்தாக வேண்டும். அதனால் அன்று அவர் அஞ்சு நிமிஷம் அங்கன, அஞ்சு நிமிஷம் இங்கன என்று ரோட்டைக் கடந்துகொண்டே இருந்தார். கோலில் நின்ற எனக்குப் பின்னாலிருந்து டைப் சத்தம் ஓட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி கேட்டது.

இடைவேளைவரை கோல் விழவில்லை. எப்படி என்று கேட்காதீர்கள். கண்டக்டர் அண்ணாச்சி ஓடவேயில்லை. நெரிசல் பஸ்ஸில் கூட்டத்தை உள்ளே தள்ளுகிற மாதிரி ஆட்களை ஓரம் தள்ளிக்கொண்டிருந்தார். இடைவேளைக்குப் பிறகு ஒன்று வாங்கினோம். என் கைக்குக் கீழேயே போனது. இன்னும் இருபது நிமிஷம். எங்கள் ஆட்களுக்கு நாக்குத் தள்ளிவிட்டது. ரெண்டு பேர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அப்போது டைப் சத்தம் சட்டென்று நின்றது. எங்கள் பையன்கள் உட்கார்ந்திருந்த கடைசி பேட்ச் முடிந்துவிட்டது.

ரோட்டைத் தாண்டி ஐசக் ஓடி வந்தான். சட்டைப்பையில் ஹால் டிக்கெட் துருத்திக்கொண்டிருந்தது. பின்னாலேயே சார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. மாற்று ஆட்டக்காரர் பட்டியலில் அவன் பெயரை மட்டும் முன்கூட்டியே அடித்து வைத்திருந்தார். அவன் ஜெர்சியை மாற்றும்போது ஒரு தாளைக் கையில் திணித்தார். அது வெள்ளைத் தாள்.

“இவன் இதை வச்சுத்தான் நல்லா ஆடுதான்” என்றார் என்னிடம்.

பந்தை எப்போதும் பக்கத்திலிருக்கும் ரைட் பேக்கிடம்தான் உருட்ட வேண்டும் என்று என் தாளில் போட்டிருக்கும். எத்தனையோ ஆட்டத்தில் அதை மீறாதவன், அன்று மீறினேன். இருந்த பலத்தையெல்லாம் கூட்டி இடது பக்கம் தூக்கி அடித்தேன். ஐசக் ஓடினான். ஒருவனைத் தாண்டினான், இன்னொருவனைத் தாண்டினான், கோல்கீப்பர் முன்னே வர, பைய ஒரு தட்டுத் தட்டினான். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது. பரீட்சை முடித்து வந்த பெண்கள் சுவரேறி நின்று கத்தினார்கள். அதிலும் பாதிப் பேருக்கு எது எங்கள் டீம் என்று தெரியாது.

கடைசி நிமிஷம் அவர்கள் ஆள் ஒருவன் தனியாக வந்துவிட்டான். நானும் அவனும்தான். கண்ணை மூடிக்கொண்டு பாய்ந்தேன். பந்து என் காதில் அறைந்து கம்பத்துக்கு வெளியே போனது. விசில் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. ஒரு வாரம் எதுவுமே சரியாகக் கேட்கவில்லை. டிரா. தங்கிவிட்டோம்.

எல்லோரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து கிடந்தோம். சார் மட்டும் ஐசக்கை ஓரமாக இழுத்து, பரீட்சையில் எத்தனை தப்பு அடித்தாய் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

திங்கட்கிழமை ஜெர்சியைத் திருப்பிக் கொடுக்க மாடியேறினேன். பன்னிரண்டு மிஷினும் ஓடிக்கொண்டிருந்தது. டெல்லிக்குப் புதுக் கடிதம். ரெண்டாயிரத்து ரெண்டு உலகக் கோப்பைக்கு இப்போதே பயிற்சி கொடுக்க வேண்டிய பதினொரு பேர், பெயரும் வயதும். ஓரத்தில் அடித்துக்கொண்டிருந்த பெண் நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“சார், கோல்கீப்பர் சுடலைமுத்து, வயசு பதினேழுன்னு இருக்கு. இந்த அண்ணனுக்கா பதினேழு?”

டைப்பிங்கில் ஒரு தப்பு விழுந்தாலும் முழுத் தாளையும் கிழித்துப் போடுகிற மனிதர் அவர். என் பக்கம் திரும்பவே இல்லை. பிரம்பால் மேஜையைத் தட்டினார்.

“காப்பியில என்ன இருக்கோ அதை அடி. யோசிக்கப்படாது.”

அந்தக் கடிதத்தில் எனக்குக் கிடைத்தது ஏழாவது நகல். இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். வெயிலில் பிடித்தால்தான் எழுத்து தெரியும். அடிக்கடி வெயிலில் பிடித்துப் பார்க்கிறேன்.